முகம் வரும்

படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் பரமலிங்கம் முதல் நாளே சொல்லியிருந்தார். என்ன உடுத்து வர வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் சவுக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் அடுத்த நாள் காலை சீலை உடுத்து வந்து நின்றார்கள். கேதீஸ்வரி தன் தம்பியின் கலியாணத்துக்குக் கட்டிய ஊதாப் பட்டுச் சீலையை உடுத்து, தலையில் கனகாம்பரம் வைத்து, செருப்பைக் கையில் பிடித்தபடி மணல் மேட்டில் ஏறி வந்தாள். தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று அவளுடைய முந்தானையைப் பிடுங்கிக் கடல் பக்கம் இழுத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நிஷானி அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். வடமராட்சி கிழக்குக் கரையில் மணல் ஊருக்குள் வராமல் மரம் நட்டு வளர்ப்பவர்களைப் பற்றிய ஆவணப்படம் அவளுடையது.

“அக்கா, இதென்ன கோலம்? நீங்கள் ஒவ்வொரு நாளும் இப்பிடியே வேலைக்கு வாறனீங்கள்?”

“ஒவ்வொரு நாளும் வீடியோக்காரர் வாறவையே?” என்றாள் கேதீஸ்வரி. “வீடியோ எண்டால் வெளிக்கிட வேண்டாமே, பிள்ளை? என்ரை தமையன் பிரான்சிலை இருந்து பாப்பான். தங்கச்சி பிச்சைக்காரி மாதிரி நிக்கிறாள் எண்டு அந்த மனுசன் நினைக்கட்டோ?”

“இது கலியாண வீடியோ இல்லை அக்கா. வேலை செய்யேக்கை எப்பிடி இருப்பியளோ அப்பிடியே வேணும்.”

ஆனால் கமெரா பிடிக்க வந்த கஜீவன் ஊரில் கலியாண வீடும் பெரியபிள்ளையான பெண்களின் சாமத்திய வீடும் எடுத்துப் பிழைப்பவன். கமெராவைத் தோளில் ஏற்றியதும் அவன் வாய் பழக்கத்தில் ஓடியது. “ஓரத்திலை நிக்கிற அக்கா, நாடியைக் கொஞ்சம் நிமித்துங்கோ. அப்பிடித்தான். மெல்லமாய்ச் சிரியுங்கோ.”

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். “ஆரடா தம்பி மாப்பிள்ளை?” என்று ஒருத்தி கேட்டாள். “ஓவசியர்தான்” என்றாள் கேதீஸ்வரி. பரமலிங்கம் காதில் விழாததுபோல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கூட்டத்தில் பத்மாசினி ஒருத்திதான் சீலை உடுத்தவில்லை. வீட்டுச் சட்டைக்கு மேல் முழுக்கைச் சேட்டு. துவாயைத் தலையிலும் முகத்திலும் சுற்றி, கண் மட்டும் தெரிய நின்றாள். நிஷானியின் கண் அவளில் போய் நின்றது.

“இவதான். இப்பிடித்தான் எனக்கு வேணும்.”

“தங்கச்சி, என்ரை முகம் படத்திலை வரக்கூடாது” என்றாள் பத்மாசினி.

அதைச் சொல்வதற்காகவே அவள் விடியற்காலையிலிருந்து வாய்க்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். சொல்லி முடித்ததும் ஒரு பாரத்தை இறக்கி வைத்ததுபோல இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இருக்கவில்லை.

காரணம் ஆரணி. பத்மாசினியின் ஒரே பிள்ளை. நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. பையன் கணித ஆசிரியர். ஆரணிக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று பையனின் தாய் குணலட்சுமி, பலகாரத் தட்டை வாங்கி மடியில் வைத்தபடி, “நீங்கள் எங்கை வேலை செய்யிறியள்?” என்று பத்மாசினியைக் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன்னே ஆரணி சொன்னாள்: “அம்மா காடு வளர்ப்புத் திட்டத்திலை.”

“அரசாங்கமோ?”

“ஓம், அரசாங்கத் திட்டம்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குள் ஒரு மேசையையும் கதிரையையும் மின்விசிறியையும் குணலட்சுமி தாமாகவே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அவருடைய முகம் மலர்ந்ததைப் பத்மாசினி கண்டாள். உத்தியோகம் பார்க்கும் தாய், தகப்பன் இல்லாவிட்டாலும் ஒழுங்காக வளர்ந்த பிள்ளை. அந்த மலர்ச்சியைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. தட்டிவிடாமல் இருந்தது அன்று பெருந்தன்மைபோலத்தான் தெரிந்தது.

இப்போது இந்தப் படத்தைத் திருநெல்வேலியிலேயே ஒரு மண்டபத்தில் போடப்போகிறார்கள். பிறகு யூடியூப்பிலும் வருமாம். முதல் நாள் இரவு இதைக் கேட்டதும் ஆரணி சோறு பிசைந்துகொண்டு தலை நிமிராமல் இருந்தாள். “அம்மா, நீங்கள் நிக்காதேங்கோ. நிண்டாலும் முகம் தெரியாமல் நில்லுங்கோ. கலியாணம் முடியட்டும். பேந்து என்னவும் செய்யுங்கோ.” பிள்ளையின் குரலில் வெட்கம் இருந்திருந்தால் பத்மாசினி ஏசியிருப்பாள். இருந்தது பயம். பயத்தை எப்படி ஏசுவது?

நிஷானி காரணம் கேட்கவில்லை. “பிரச்சினை இல்லை அக்கா. கையை மட்டும் எடுக்கிறன். கை மட்டும் எடுத்தால் இன்னும் வடிவாய் இருக்கும்” என்றாள்.

சீலைக்காரிகளை மாற்றி உடுத்து வர வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்மாசினியின் பின்னால் கமெரா போனது.

இந்தத் தோட்டத்தில் வேலைக்கு ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைத்ததல்ல. பெண்கள் தாங்களாக உண்டாக்கியது. மாரியில் கன்று நடும்போது எவள் எந்த வரிசையை நட்டாளோ, அந்த வரிசை அவளுடையது. கோடையில் அதற்குத் தண்ணீர் விடுவது அவள். ஓலைத்துண்டு குத்தி வெயில் மறைப்பது அவள். மணல் மூடினால் கையால் விலக்குவதும் அவள்தான். வரிசைகளுக்கு இலக்கம் கிடையாது, பெயர்தான். கேதீஸ்வரியின் வரிசை, பத்மாவின் வரிசை. காய்ச்சலில் ஒருத்தி வராவிட்டால் மற்றவள் தண்ணீர் விடுவாள், ஆனால் பெயர் மாறாது. கன்று செத்து இடைவெளி விழுந்தால் அந்த இடைவெளிக்கும் பெயர் உண்டு. “உன்ரை வரிசையிலை ஓட்டைப் பல்லு” என்று மற்றவர்கள் பழிப்பார்கள். பத்மாசினியின் வரிசை மூன்று மாரி கண்டது. இப்போது அவளைவிட உயரமாக நின்று காற்றில் ஊசி இலைகளை உரசி, தூரத்துக் கடல்போல் இரைந்தது. அதன் முனையிலிருந்து கடல் பக்கமாக நின்றவை, போன மாரியில் அவள் நட்ட இளங்கன்றுகள்.

மணலில் தோண்டிய பூவலில் இறங்கி அவள் குடத்தை நிரப்பினாள். கஜீவன் கமெராவை நீர்மட்டத்துக்கு இறக்கினான். குடத்தைச் சரித்து விரல்களுக்கிடையால் தண்ணீரை வழியவிட்டாள்; அப்படியே ஊற்றினால் மணல் கரைந்து வேர் வெளியே வந்துவிடும். “திரும்ப ஒருக்கா, அக்கா” என்றாள் நிஷானி. திரும்பச் செய்தாள். “இன்னும் மெதுவாய்.” இன்னும் மெதுவாகச் செய்தாள். யாரும் இதுவரை அவள் கையை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பெருவிரல் நகத்தின் வெடிப்பை அவளே அன்றுதான் கவனித்தாள். கூச்சமும், கூச்சத்தின் அடியில் கொஞ்சம் பெருமையும் வந்தன.

பிறகு நிஷானி ஓவசியரிடம் போனாள். “ஐயா, வடிவாய் வளர்ந்த ஒரு வரிசைக்குள்ளாலை நடந்துகொண்டு கதைக்கிறியளோ?”

பரமலிங்கம் தலைமயிரைக் கையால் படிய விட்டு, சேட்டுக் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். பத்மாசினி குடத்தோடு தூரத்தில் நின்றதால் அவர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் தன் வரிசைக்குள் நுழைவதை மட்டும் கண்டாள். நல்ல வரிசையைக் காட்ட வேண்டும் என்றால் அதைத்தானே காட்டுவார் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தாள்.

மதியம் எல்லோரும் நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது கஜீவன் மடிக்கணினியைத் திறந்தான். வேலையுடுப்போடு திரும்பியிருந்த பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். “சும்மா மாதிரிக்கு ஒட்டிப் பார்த்தனான். அக்கா, உங்கடை கையைப் பாருங்கோ, நடிகையின்ரை கை மாதிரி” என்று சொல்லி அவளுடைய காதில் கேள்கருவியை மாட்டினான்.

திரையில் தண்ணீர் மினுங்கியது. இரண்டு கைகள் குடத்தைச் சரித்தன. விரல்கள் ஓலைத்துண்டை மணலில் அழுத்தின. உண்மையிலேயே அழகுதான். அந்த அழகின் மேல் ஒரு குரல் வந்தது.

“இஞ்சை வெறும் மணல்தான் கிடந்தது. எங்களாலை ஏலாது எண்டவை. நான் நிண்டு நட்டனான். இந்த வரிசை என்ரை கையாலை வந்த வரிசை எண்டே சொல்லலாம்.”

கைகள் மறைந்தன. பரமலிங்கம் அவளுடைய மரங்களுக்கிடையே நடந்து வந்தார். முழு முகம். கீழே அவருடைய பெயர் எழுதும் இடம் என்று கஜீவன் ஒரு வெள்ளைப் பட்டை விட்டிருந்தான். பிறகு மறுபடியும் கைகள். மறுபடியும் அவருடைய குரல்.

பத்மாசினி கேள்கருவியைக் கழற்றாமல் இருந்தாள். காட்சி முடிந்து திரை கறுத்த பிறகும் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்த திரையில் துவாய் சுற்றிய ஒரு தலை தெரிந்தது. கண் மட்டும்.

வெயிலுக்காகத்தான் துவாய் கட்டுகிறேன் என்று அவள் இத்தனை காலமும் தனக்குச் சொல்லி வைத்திருந்தாள். வெயில் இறங்கிய பிறகு, கோயிலடியால் வீட்டுக்குப் போகும்போதும் அவள் அதை அவிழ்ப்பதில்லை. பஸ் தரிப்பிடத்தில் தெரிந்தவர்கள் நின்றால் இன்னும் இறுக்கிக்கொள்வாள். ஆரணி சொல்வதற்கு முன் யாரும் அவளை மறை என்று சொன்னதில்லை. அவளே மறைத்தாள், மறைத்த இடத்தில் இன்னொருவர் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் திருடினார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளில்லாத காணிக்குள் மாடு வராதா?

“என்னடி, அழுறியோ?” என்று கேதீஸ்வரி கேட்டாள்.

“இல்லை. நீயும் கேள்.”

கேதீஸ்வரி கேட்டாள். கேட்டு முடியும் முன்னே எழுந்து இடுப்பில் கை வைத்தாள். “ஓவசியர்! இஞ்சை வாங்கோ. எந்த மாரியிலை உந்த வரிசையை நட்டனீங்கள்? நாங்கள் காணேல்லையே!”

பரமலிங்கம் சோற்றுக் கையோடு வந்தார். விஷயம் விளங்கியதும் முகம் சுருங்கியது. “நான் நிண்டு வேலை வாங்காட்டில் உது வளர்ந்திருக்குமோ? மரக்கண்டு எடுக்க நான் எத்தினை இடம் அலைஞ்சனான்? வெயிலுக்குள்ளை நானும்தானே நிண்டனான்? ஒரு கதைக்குச் சொன்னதைப் பெருப்பிக்கிறியள்.”

“நிண்டதை நிண்டது எண்டு சொல்லுங்கோ” என்றாள் பத்மாசினி. “நட்டது எண்டு சொல்லாதேங்கோ.”

“முகம் காட்டமாட்டன் எண்டது நீர்தானே? பேந்து ஆரின்ரை முகத்தைக் காட்டுறது?”

அது சரியான கேள்வி. அதனால்தான் அது அவளைச் சுட்டது. அவள் நிஷானியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தங்கச்சி, திரும்ப எடும். முகத்தோடை.”

நிஷானி உடனே சந்தோஷப்படவில்லை. பக்கத்தில் வந்து குந்தினாள். “எடுக்கலாம், அக்கா. எனக்கு விருப்பம்தான். ஆனால் காலமை வேண்டாம் எண்டனீங்கள், ஏதோ இருக்குது. ஒருக்கா யூடியூப்பிலை போனால் திருப்பி எடுக்கேலாது. வீட்டிலை கேட்டுப்போட்டு நாளைக்குச் சொல்லுங்கோவன்.”

நாளைக்கு என்றால் நான் சொல்லமாட்டேன் என்று பத்மாசினிக்குத் தெரிந்தது. இரவு ஆரணி தலை குனிந்து சோறு பிசைவாள். அந்தக் குனிந்த தலையின் முன் இந்தக் கோபம் நிற்காது. தாய்மை என்று ஊர் சொல்லும் அந்த இளகல் வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். ஆரணியைக் கேட்காமல் செய்வது அநியாயம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டும் தெரிந்தேதான் எழுந்தாள்.

“இப்ப எடும்.”

“நாளைக்கும் வேலைக்கு வரவேணும் எல்லோ, பத்மாசினி” என்றார் பரமலிங்கம், மெதுவாக.

“வருவன். என்ரை வரிசைக்கு ஆர் தண்ணி விடுறது, நீங்களே?”

“குடம் தூக்கத் தெரியுமோ எண்டு முதலிலை கேள்” என்றாள் கேதீஸ்வரி. பெண்கள் சிரித்தார்கள். காலையில் சிரித்த சிரிப்பல்ல இது. பரமலிங்கம் திரும்பிப் போய்த் தன் பார்சலின் முன் அமர்ந்தார், ஆனால் சாப்பிடவில்லை.

பத்மாசினி தன் வரிசையின் முனையில் போய் நின்று துவாயை அவிழ்த்தாள். காற்று கழுத்து வியர்வையில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. முகத்தில் கண்ணைச் சுற்றிய பட்டை மட்டும் கறுத்து, கன்னம் வெளிறி இருப்பது அவளுக்குத் தெரியும். பரவாயில்லை.

“அக்கா, கொஞ்சம் சிரி…” என்று தொடங்கிய கஜீவன் தானே நிறுத்திக்கொண்டான்.

“என்ரை பேர் பத்மாசினி. நான் இந்தத் தோட்டத்திலை நாள்கூலிக்கு வேலை செய்யிறன். இது என்ரை வரிசை. நான் நட்டு, நான் தண்ணி விட்டது.” மரங்களுக்கிடையே கையை நீட்டிக் காட்டினாள். “இதிலை ஒரு ஓட்டை தெரியுது பாருங்கோ. போன கோடையிலை செத்தது. மற்றவை தண்ணி விட்டவை, ஆனால் மூடின மணலை விலக்க, காய்ச்சல் எண்டு நான்தான் பிந்தி வந்தனான். அந்த ஓட்டையும் என்ரைதான். இஞ்சாலை கேதீஸ்வரியின்ரை வரிசை. அவவின்ரையிலை இன்னும் கூட ஓட்டை.”

“எடியே!” என்று கமெராவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“வெட்டட்டோ?” என்று கஜீவன் கேட்டான்.

“வெட்டாதை” என்றாள் நிஷானி.

வீட்டுக்குப் போகும் வழியில் துவாய் தோளில் கிடந்தது. கோயிலடியில் தெரிந்த ஒருவர், “என்ன பத்மா, கண்ணடியெல்லாம் கறுத்துப் போச்சு?” என்றார். “வெயிலிலை வேலை” என்று சொல்லிவிட்டு நடந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் வீட்டுப் படலையைத் திறந்ததும் இவ்வளவுதான் அல்ல என்றும் இருந்தது.

ஆரணி வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பத்மாசினி எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஈர முகத்தோடு ஆரணி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கத்தினாள். அவள் கத்தி எத்தனையோ காலம்.

“என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்! உங்கடை வரிசை, உங்கடை முகம். சரி. கலியாணம் ஆரின்ரை? அது என்ரை இல்லையே?”

“உன்ரைதான்.”

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் நீ வேண்டாம் எண்டிருப்பாய். நான் ஓம் எண்டிருப்பன்.”

“இது ஒரு மறுமொழியே அம்மா?”

அது மறுமொழி இல்லை என்று பத்மாசினிக்கும் தெரிந்தது. அவள் கைபேசியை எடுத்தாள். படம் திருநெல்வேலிக்குப் போகும் முன் குணலட்சுமியிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஆரணி பறிக்க வந்தாள், பறிக்கவில்லை. அழைப்பு போனது. இருவருக்கும் கேட்கட்டும் என்று பத்மாசினி ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தாள்.

குணலட்சுமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

“நான் கந்தோரிலை மேசையிலை இருந்து செய்யிற வேலை எண்டெல்லோ நினைச்சனான், பத்மா.”

“நீங்கள் நினைச்சனீங்கள். நான் விட்டுட்டன். அது என்ரை பிழை, அக்கா.”

“சரி, உழைச்சுச் சாப்பிடுறது குற்றமில்லை. நான் அப்பிடிப்பட்ட ஆளுமில்லை. ஆனால் எங்கடை சனத்தின்ரை வாயை உங்களுக்குத் தெரியும்தானே? நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அந்தப் படம் எடுக்கிற பிள்ளையிட்டைச் சொல்லி, உங்கடை துண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கோ. முந்தி எடுத்த மாதிரிக் கை மட்டும் வரட்டும். அப்பிடியெண்டால் எங்களுக்கு ஒண்டும் இல்லை. நாளையே வந்து நாள் வைப்பம்.”

பத்மாசினி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரலில் உண்மையான அன்பு இருந்தது. கதவு திறந்தே இருக்கிறது. கொஞ்சம் குனிந்து உள்ளே வா என்கிறார். ஆயுள் முழுக்க அவள் குனிந்த அளவுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த முறை குனிந்தால், நாளை அந்த வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். ஆரணியும், தாயின் வேலையைக் கேட்கும் ஒவ்வொருவர் முன்னும்.

“இல்லை, அக்கா. முகம் வரும். பேரும் வரும்.”

“அப்ப நாங்கள் யோசிச்சுத்தான் சொல்லவேணும்.”

“யோசியுங்கோ. நாங்களும் யோசிக்கிறம்.”

“நீங்கள் யோசிக்க என்ன இருக்கு?” முதல் தடவையாகக் குணலட்சுமியின் குரல் உயர்ந்தது. “பிள்ளையைக் கேட்டனீங்களோ? பிள்ளை இதுக்கு என்ன சொல்லுது?”

பத்மாசினி மகளைப் பார்த்தாள். இந்த இடத்தில் அவளுக்காகப் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆரணியின் கண் சிவந்திருந்தது. அவள் மேசையருகே வந்து கைபேசியின் மேல் குனிந்தாள்.

“மாமி, நான் ஆரணி. எனக்கு அம்மாவோடை சரியான கோவம். என்னைக் கேக்காமல் செய்தவ. அது எங்கடை வீட்டுச் சண்டை, நாங்கள் பிடிச்சு முடிக்கிறம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆனால் அவவின்ரை முகத்தை வெட்டச் சொல்லி நான் ஆரிட்டையும் போய்க் கேக்கமாட்டன். உங்கடை மகனுக்கும் நானே எடுத்துச் சொல்லுறன். அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்.”

“பாப்பம், பிள்ளை” என்றார் குணலட்சுமி. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஆரணி நிமிர்ந்தாள். பத்மாசினி அவளைத் தொடக் கை நீட்டினாள். ஆரணி ஓரடி பின்வாங்கினாள்.

“தொடாதேங்கோ. நான் இன்னும் முடிக்கேல்லை. இருங்கோ அதிலை.”

பத்மாசினி கதிரையை இழுத்துப் போட்டு, மகளுக்கு நேரே அமர்ந்தாள்.

“சொல்லு” என்றாள்.